கறை படாத கூடாரம்

கூடாரத்தின் மூலையில் ஒரு டயப்பர் இருந்தது. காலி டயப்பர் இல்லை. காரின் பின்பெட்டியில் வெயிலில் நன்றாக வெந்து, ஊதி, துணியோடு துணியாக ஒட்டிப்போன டயப்பர். அந்தக் கூடாரத்தைத் திருப்பிக் கொடுத்த தம்பதி, "ஓடைக்கரை சொர்க்கம்ங்க, கண்ணை முழிச்சா தண்ணிச் சத்தம்தான்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, சிரித்த முகமாகக் கைகுலுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

பின்கட்டில் நின்றவள் இடுக்கியால் அதைத் தூக்கினாள். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, மூச்சை அடக்கி, வாளியில் போட்டு மூடிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"சீ."

கடையில் அவளுக்குப் பெயர் மூக்கக்கா. கோடை விடுமுறைக்குக் கூடாரம், படுக்கைப் பை, மடக்கு நாற்காலி, சின்ன அடுப்பு எல்லாம் வாடகைக்கு விடுகிற கடை அது. முன்பக்கம் கண்ணாடிக் கதவும், சுவர் முழுக்க ஏரியும் மலையுமாகப் பெரிய படங்களும் இருந்தன. பின்பக்கம் சிமெண்டுத் தொட்டி, கொடிக்கயிறு, சாக்கடை வாயில் ஒரு இரும்புச் சல்லடை. முன்வாசல் வழியே மொடமொடவென்று போகிற கூடாரம், திரும்பி வரும்போது நேரே பின்கட்டுக்கு வந்துவிடும். அதைப் பிரித்து, உதறி, சுரண்டி, துவைத்து, காயவைத்து, மடித்துவைப்பது அவள் வேலை.

எது எங்கே போய் வந்தது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றோரப் புல்வெளிக்குப் போனது அடியெல்லாம் சாணியோடு வரும். கடற்கரைக்குப் போனதில் மணலும் முகக் க்ரீமும் பிசைந்து ஒரு மாவாகி, அதில் மீன் செதில் ஒட்டியிருக்கும். மலை உச்சிக்குப் போனதில் வாந்தி. வளைந்து வளைந்து ஏறுகிற பாதை அது. பிள்ளைகள் காரில் அடக்கிவைத்ததை எல்லாம் கூடாரத்துக்குள் நுழைந்ததும்தான் கொட்டும். காட்டுக்குள் போனவர்கள் மரப்பிசினும் எறும்பும், இரவில் புரண்டு நசுக்கிய நத்தையும் கொண்டுவருவார்கள். நசுங்கிய நத்தை மூக்குச்சளி போலக் காய்ந்து பளபளக்கும். நகத்தால்தான் எடுக்க வேண்டும். இவை போதாதென்று காலுறை வீச்சம், கொட்டிப் புளித்துப் பூஞ்சை பிடித்த பால், யாருடையது என்று யோசிக்கவே கூடாத சுருட்டை முடிகள். இயற்கையைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் தங்கள் உடம்பின் இயற்கையைத்தான் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருகிறார்கள் என்பது அவள் எண்ணம்.

"இவ்வளவு அருவருப்புப்படற ஆளை இந்த வேலைக்கு எதுக்கு வெச்சீங்க?" என்று சேர்ந்த புதிதில் முதலாளியைக் கேட்டார்கள் சிலர். அவளைவிட வயதில் சின்னவரான அவர் சிரித்தார். "அருவருப்பு இல்லாத ரெண்டு பேரை வெச்சுப் பாத்துட்டேன். அவங்களுக்கு அழுக்கே கண்ணுல படல. அக்கா ஒருத்திதான் தூக்கத்துலகூட தேய்க்கற ஆளு."

வீட்டிலும் அப்படித்தான். கணவர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். அடைத்த கழிவறைகளுக்குள் தோள்வரை கையை விட்டு, அதே கையால் காதைச் சொறிந்துகொள்ளக்கூடிய மனுஷர். அவருக்குப் பின்வாசலில் தனிச் சோப்பு, தனி வாளி, தனித் துண்டு. நகத்தைக் காட்டிய பிறகுதான் உள்ளே அனுமதி. "கல்யாணம் பண்ணிக்கிட்டேனா, ஆஸ்பத்திரில சேந்தேனான்னு தெரியல" என்று முனகிக்கொண்டே அவரும் இத்தனை காலம் நகத்தைக் காட்டிக்கொண்டுதான் இருந்தார்.

மகள்தான் காட்டவில்லை. காட்டுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது.

கோடை தொடங்குகிற நேரத்தில் ஒரு சாயங்காலம், மகள் சமையலறை மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொன்னாள். "அத்தை கடல் பக்கம் போறாங்களாம். என்னையும் கூப்பிட்டாங்க. கோடை முழுக்க."

அவள் வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "கோடை முழுக்கவா? அப்புறம் காலேஜுக்கு?"

"அங்கேருந்து நேரா போயிடுவேன்."

கல்லூரி, ரயிலில் இரண்டு பகல் போனால் வருகிற ஊரில் இருந்தது. போனால் இனி விருந்தாளியாகத்தான் வருவாள். இந்தக் கோடைதான் மிச்சம். அதையும் அத்தை அள்ளிக்கொண்டு போகப் பார்க்கிறாள். அத்தை என்றால் கணவரின் அக்கா. தரையில் விழுந்த ரொட்டியை எடுத்து ஊதிவிட்டுத் தின்கிறவள். ஒரே சீப்பை வீட்டில் எல்லாருக்கும் நீட்டுகிறவள். வருஷா வருஷம் கூடாரமும் குடும்பமுமாகக் கிளம்பி, உடம்பெல்லாம் கொசுக்கடியோடு வாயெல்லாம் பல்லாகத் திரும்புகிறவள்.

"நாமளும் போகலாமே" என்றாள் அவள்.

"எங்க?"

"அதான்... கூடாரம் போட்டு. ஏதாவது நல்ல இடமா."

கணவருக்கு டீ புரையேறியது. மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நீயா? கூடாரத்துலயா? அம்மா, நீ பெரியப்பா வீட்டுக்குப் போனாலே சொந்த ஸ்பூன் கொண்டுபோற ஆளு."

"ஸ்பூன் கொண்டுபோறது ஒரு குத்தமா?"

"தலையணை உறையும் கொண்டுபோனே. பார்க்குல நான் சறுக்குமரம் ஏறினா, நீ முன்னாடி துணியை வெச்சுத் துடைச்சுக்கிட்டே வருவே. எனக்குப் பின்னாடி பசங்க வரிசையா நின்னு கத்துவாங்க. என் ஃப்ரெண்டு பொறந்தநாளுக்கு, மெழுகுவத்தி ஊதினதும் கேக்குல எச்சில் பட்டிருச்சுன்னு அத்தனை பேர் முன்னாடி சீன்னு சொன்னே. ஒருத்தரும் கேக்கைத் தொடல. அதுக்கப்புறம் என்னை ஒரு வீட்லயும் கூப்பிடல, தெரியுமா?"

அது அவளுக்குத் தெரியாது. வாணலியைக் கவிழ்த்துவைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "எச்சில் பட்டுதான் இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள்.

மகள் கூரையைப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, "சரி" என்றாள். "போகலாம். இடத்தையும் நீயே தேர்ந்தெடு. எங்க வேணா சொல்லு, நான் ஏன்னு கேக்க மாட்டேன். ஆனா, நீ தேர்ந்தெடுத்த இடத்துல நின்னுக்கிட்டு ஒரே ஒரு தடவை சீன்னு சொன்னே, நான் அப்பவே பஸ் ஏறிடுவேன். அத்தைகிட்ட போயிட்டு அப்படியே காலேஜுதான். வீட்டுக்கு வர மாட்டேன்."

"சொல்ல மாட்டேன்."

"மூஞ்சி சுளிக்கறதும் கணக்குதான்."

"மூஞ்சி அதுவா சுளிக்கும்டி, அதுக்கு நான் என்ன பண்றது?"

"சரி, மூஞ்சியை விட்டுடலாம்" என்று கணவர் நடுவராகப் புகுந்தார். "வாய் மட்டும்."

மறுநாளிலிருந்து மூக்கக்கா இடம் தேடினாள். மற்றவர்கள் படத்தைப் பார்த்துத் தேடுவார்கள். அவள் அழுக்கைப் பார்த்துத் தேடினாள். வந்து இறங்கிய கூடாரம் ஒவ்வொன்றையும் விரித்துப்போட்டு, இந்த இடத்தில் என் பெண்ணோடு படுக்க முடியுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஓடைக்கரை, டயப்பரோடு ஒழிந்தது. புல்வெளியைச் சாணி அடித்துக்கொண்டு போனது. கடற்கரைக் கூடாரத்தின் பைக்குள் யாரோ காலில் ஒட்டிப் பிய்த்த பிளாஸ்திரி, சீழோடு. அதை எடுத்த கையை வெந்நீரில் முக்கிவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

ஆனால் வெள்ளைப் பாறை ஏரிக்குப் போய் வருகிற கூடாரங்கள் தனி ரகம்.

கடையின் முன்சுவரில் இருக்கிற படங்களிலேயே அழகானது அதுதான். நீலத் தண்ணீர், நடுவில் பால் போல ஒரு பாறைத் தீவு, கரையெல்லாம் மரங்கள். போய் வருகிறவர்கள் அதிகமில்லை. ஆனால் போய் வந்தவர்கள் கொடுக்கிற கூடாரத்தில் ஒரு புல் இருக்காது, ஒரு மண் இருக்காது, ஒரு வாடை இருக்காது. அது மட்டுமில்லை. அவள் ஒவ்வொரு கூடாரத்தையும் மூன்றாக மடித்து, காற்றுப் போக அழுத்திச் சுருட்டி, கயிற்றை இரட்டை வளையம் போட்டு நுனியை உள்ளே செருகுவாள். மற்ற இடங்களுக்குப் போனவர்கள் எல்லாம் கூடாரத்தைக் குடல் மாதிரி அள்ளித் திணித்துக் கொண்டுவரும்போது, ஏரிக்குப் போனவர்கள் மட்டும் அச்சு அசலாக அதே மூன்று மடிப்பு, அதே இரட்டை வளையம், அதே செருகல்.

"பாத்துக் கத்துக்கிட்டுச் செஞ்சிருக்காங்க, பாருங்க தம்பி" என்று முதலாளியிடம் காட்டினாள். குரலே இளகிவிட்டது. "இப்படியும் மனுஷங்க இருக்காங்க."

"காட்சி அப்படிக்கா. நல்ல இடத்துக்குப் போனா புத்தியும் நல்லாயிடும்" என்றார் முதலாளி. அவரும் அங்கே போனதில்லை.

போதாததற்கு, ஏரியிலிருந்து திரும்பிய ஒரு குடும்பத்தை அவளே வலியப் போய்க் கேட்டாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அருமை" என்றார் புருஷன். "சொல்ல வார்த்தையே இல்லை" என்றாள் பெண்டாட்டி. பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அம்மா அவன் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

முடிவாகிவிட்டது. அந்தக் குடும்பம் கொண்டுவந்த கூடாரத்தையே எடுத்துக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக, ஒரு கூடாரத்தைத் துவைக்காமல், பிரித்துக்கூடப் பார்க்காமல் எடுத்துக்கொண்டாள். அவ்வளவு நம்பிக்கை.

கணவரின் வேனைத்தான் சோடா போட்டுத் தேய்த்தாள். குழாய்த் துண்டுகளும் அடைப்பெடுக்கும் கம்பிச் சுருளும் கிடந்த இடமெல்லாம் பளபளத்தது. "இந்த வண்டிக்கு இவ்வளவு மரியாதை நான் வாங்கின அன்னிக்குக்கூட கிடைக்கல" என்றார் அவர்.

கடைசி வளைவில் ஏரி தெரிந்தது. படத்தில் இருந்தது போலவே. நீலத் தண்ணீர், நடுவில் வெள்ளைப் பாறை.

"அம்மா! செம!" என்று மகள் முன்சீட்டுக்கு நடுவே தலையை நீட்டினாள். அம்மாவின் தோளில் மோவாயை வைத்துக்கொண்டாள். எத்தனை காலம் ஆயிற்று அப்படி வைத்து. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், அசைந்தால் எடுத்துவிடுவாளோ என்று.

முதலில் மோவாய் போனது. மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா, வண்டில ஏதாவது செத்துப்போச்சா?"

"நான் கழுவின வண்டிடி" என்றாள் அவள், நாற்றம் வண்டியிலிருந்தே வரக்கூடாதா என்கிற குரலில்.

கண்ணாடிகளை ஏற்றியும் அது உள்ளே வந்தது. முதலில் கண்ணில் எரிந்தது, வெங்காயம் உரித்த மாதிரி. பிறகு தொண்டையில் உட்கார்ந்தது. பஸ் நிலையத்து மூத்திரச் சந்தும், மின்சாரம் போன மீன் கிடங்கும், அழுகின முட்டையும் ஒன்றாக அறைக்குள் பூட்டிவைத்து இப்போதுதான் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. மரங்கள் வெள்ளையாக இருந்தன. இலையே இல்லை. கிளைக்குக் கிளை கறுப்பாக ஏதோ தொங்குவது போல இருந்து, அசைந்து, கழுத்தை நீட்டியது. நீர்க்காகங்கள். மரத்துக்கு நூறு கூடு. பாறைத் தீவிலோ கால்வைக்க இடமில்லாமல் கறுப்புக் கூட்டம். அந்தப் பாறை வெள்ளைப் பாறையே இல்லை. சாதாரணக் கறுப்புப் பாறைதான். வருஷக்கணக்காக அவை மேலே உட்கார்ந்து பூசிய பூச்சு அது. பறவைகள் இல்லாத குளிர்காலத்தில் யாரோ படம் எடுத்திருக்கிறான், புண்ணியவான்.

ஏரிக்கரை வாசலில் காவல்காரர் தன் கூண்டின் ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்தார். "எங்க வேணா போட்டுக்கலாம். எல்லா இடமும் காலிதான்."

"எப்பவுமே இப்படித்தானா?" என்றார் கணவர் கைக்குட்டைக்குள்ளிருந்து.

"இல்லையே, இன்னிக்குக் காத்து நல்ல பக்கமா அடிக்குது."

"இங்க தங்கறவங்க எல்லாம் எப்படி..."

"தங்கறதா?" காவல்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதோ தெரியுதே வட்டமா ஒரு இடம், அது வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போறதுக்குன்னே போட்டது. கதவைக்கூடத் திறக்க மாட்டாங்க, பாதிப் பேரு."

மூக்கக்கா வண்டியின் பின்னால் வைத்திருந்த கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். மூன்று மடிப்பு. இரட்டை வளையம். உள்ளே செருகிய நுனி. யாரும் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. யாரும் பிரிக்கவே இல்லை. அது அவளுடைய மடிப்பு, அவளுடைய முடிச்சு. இத்தனை நாளும் தன் கைவேலையைப் பார்த்தே ஊரார் ஒழுக்கத்தை மெச்சிக்கொண்டிருந்திருக்கிறாள். போனவர்களில் எவனுக்காவது திரும்பி வந்து உண்மையைச் சொல்ல வாய் வந்ததா? ஏமாந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, எங்கேயோ ஓட்டலில் படுத்துத் தூங்கிவிட்டு, அருமையாம், வார்த்தையே இல்லையாம். அந்த நாற்றத்தைவிட இது அவளுக்கு அதிகமாகக் குமட்டியது.

வாய் திறந்தது. பின்சீட்டில் மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் அம்மாவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"கூடாரத்தை இறக்குங்க" என்றாள் கணவரிடம்.

"உனக்கென்ன பைத்தியமா? நான் செப்டிக் டேங்குக்குள்ள இறங்கினவன். எனக்கே குடலைப் புரட்டுது."

"நான் தேர்ந்தெடுத்த இடம். இறக்குங்க."

மரத்தை விட்டுத் தள்ளி ஒரு மேட்டில் கூடாரத்தை விரித்தாள். தரை வழுக்கியது. எலும்பும் செதிலும் ஓடுமாகக் காலடியில் நொறுங்கியது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு ஒன்று, தோலும் வாயுமாக, எறும்பு மொய்த்துக் கிடந்தது. குச்சியால் தள்ளினாள். முளை அடித்தாள். முளை அடிக்கிற கையில் மேலேயிருந்து சொத்தென்று விழுந்தது, வெதுவெதுப்பாக இருந்தது. துடைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த முளைக்குப் போனாள். முகம் எட்டுக் கோணலாகப் போய்க்கொண்டிருந்தது, ஆனால் முகத்துக்குத்தான் விலக்கு உண்டே. கூரைத் துணியை இழுத்துக் கட்டி நிமிர்ந்தபோது, பறந்துபோன ஒரு பறவை பயத்தில் குஞ்சுக்கு வைத்திருந்த மீனைக் கக்கியது. பாதி செரித்த மீன். கூரையில் விழுந்து, கூழைப் போல மெல்ல வழுக்கி வாசலில் இறங்கியது.

கணவர் வேனுக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றார். சத்தம் கேட்டது.

மகள் பக்கத்தில் வந்தாள். முதலில் அவள் முகத்தில் இருந்த வேடிக்கை இப்போது இல்லை. கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர் விட்டது.

"அம்மா, சொல்லிடு."

"எதை?"

"அதான். சொல்லிடு, போயிடலாம்."

"சொன்னா நீ அத்தைகிட்ட போயிடுவே."

மகள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்கு நேரே காற்று அடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். எதன் மேலோ கால் வைத்தாள். குனிந்து பார்த்தாள். அந்தக் குஞ்சு.

"சீ!" என்று கத்தினாள். "சீ, சீ, சீ! என்ன இடம்மா இது, கருமம்! செருப்புல ஒட்டிருச்சு, அது கண்ணு ஒட்டிருச்சும்மா, எடு, எடு!"

மரத்துக் கறுப்பெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தது. மூவரும் வேனை நோக்கி ஓடினார்கள். ஓடுகிற தலைகள்மேல் மழையாகப் பெய்தது.

கதவைச் சாத்திய பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கணவரின் மீசையில் ஒரு சொட்டு. அவள் சோப்புத் துணியை எடுத்து மகளின் செருப்பைத் துடைத்தாள். வாய் இன்னும் மூடித்தான் இருந்தது.

"நான்தான் சொன்னேன், நீ சொல்லல" என்றாள் மகள். "எனக்கு ஒண்ணும் நிபந்தனை இல்லையே. இப்ப நீயும் சொல்லு. இந்த இடம் கணக்குல சேராது."

"நிஜமாவா?"

"சத்தியமா. அத்தையா இருந்தா இங்க உக்காந்து ரொட்டி சுட்டிருப்பாங்க. ஊதி ஊதித் தின்னிருப்பாங்க."

அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பும் ஓங்கரிப்பும் சேர்ந்து வந்தது. பிறகு திறந்தாள் பாருங்கள் வாயை. பறவையைத் திட்டினாள், பாறையைத் திட்டினாள், படம் எடுத்தவனைத் திட்டினாள், வார்த்தையே இல்லை என்றவளின் வம்சத்தையே இழுத்து அந்த ஏரியில் முக்கி எடுத்தாள். மகள் ஒவ்வொன்றுக்கும் எடுத்துக் கொடுத்தாள். அம்மா விட்ட இடங்களை நிரப்பினாள். நாற்றத்தில் முட்டை வாடைக்கு அடியில் ஈரப் பஞ்சு வாடை ஒன்று இருந்தது, அம்மாவே கவனிக்காதது, அதைப் பிடித்தவள் மகள்தான்.

"மூக்கு அப்படியே உன்னுது" என்றார் கணவர், கூடாரத்தை வேன் கூரைமேல் கட்டிவிட்டு வந்து. உள்ளே வைக்க அவள் விடவில்லை.

அன்றைக்கு லாரிகள் நிற்கிற ஒரு சிமெண்டுத் திடலில் வேனுக்குள்ளேயே படுத்தார்கள். மறுநாள் வேறு இடம் தேடிக் கிளம்பினார்கள். ஆற்றோரப் புல்வெளியில் மகள்தான் முதலில் இறங்கினாள். அம்மாவைப் போலவே காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேரே புதருக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"வேணாம்மா. அங்க நாலு பேர் போயிருக்காங்க. அதுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல."

"எந்தக் கலர்ல?"

"பச்சை."

"எக்கேடு கெட்டுப் போகட்டும். வண்டியை எடுங்க."

காட்டுக்குள் ஒரு இடத்தில் பொதுத் துண்டு ஒன்று ஆணியில் தொங்கியது. அதன் கதையைப் பேசியே ஒரு மத்தியானம் போயிற்று. மலை உச்சிக்குப் போகிற பாதையில் முதல் வளைவிலேயே முன்னால் போன காரின் ஜன்னலிலிருந்து ஒரு பிள்ளை எட்டிப் பார்த்துக் கக்கியது. கண்ணாடித் துடைப்பானைப் போட்டுக்கொண்டே கணவர் வண்டியைத் திருப்பினார். ஒவ்வொரு இடத்திலும் அம்மாவும் பெண்ணும் முகத்தைச் சுளித்துக்கொண்டு இறங்கி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு ஏறினார்கள். அடுப்பில் உருளைக்கிழங்கு அவித்து, அவரவர் ஸ்பூனில் தின்றார்கள். மகள் தன் ஸ்பூனைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அம்மா அதைக் கவனித்தாள்.

மறுபடியும் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது மகளின் போன் அடித்தது. அத்தை. கடல் இரைச்சலுக்கு மேல் கத்துகிற குரல் முன்சீட்டுவரை கேட்டது.

"எங்கடி இருக்கீங்க? எத்தனை நாளா சொல்றே? எப்ப வர்றே?"

அவள் முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். சாலையோரத்துக் கம்பங்கள் ஒவ்வொன்றாகப் போயின.

"எங்க அத்தை வர்றது" என்றாள் மகள். "நாங்க இன்னும் இடமே தேர்ந்தெடுக்கல."

"இன்னுமா? உங்கம்மாவுக்கு ஒண்ணும் பிடிக்கலையாக்கும்?"

"அம்மாவுக்கும் பிடிக்கல, எனக்கும் பிடிக்கல. கோடை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது போலிருக்கு. நீங்க எனக்காகக் காத்திருக்க வேணாம். வெச்சுடறேன்."

கணவர் கண்ணாடியைச் சரிசெய்கிற சாக்கில் பின்னால் பார்த்தார். கொஞ்ச தூரத்தில் ஒரு பலகை வந்தது. அருவி, வானவில், புல்லில் படுத்திருக்கிற குடும்பம். கீழே ஒரு அம்புக்குறி.

"அப்பா, திருப்பு, திருப்பு!" என்று மகள் எழுந்து அவர் தோளைத் தட்டினாள். "எவ்வளவு அழகா வரைஞ்சிருக்கான் பாரு. நிச்சயமா கேவலமாத்தான் இருக்கும்."

மூக்கக்கா ஜன்னல் கண்ணாடியை இறக்கி, மூக்கை வெளியே நீட்டினாள்.